நேசம் ரீச்சருக்கு ஒரு சீனப் பாட்டு

இந்த ஊரில் என் பெயரை யாரும் சொல்வதில்லை. காலையில் சந்தைக்குப் போனால், சாக்கு விரித்து மிளகாய் குவித்து வைத்திருக்கும் பெண் தூரத்திலேயே கண்டு "லாவ்ஷி!" என்று கூப்பிடுகிறாள். நான் குடியிருக்கும் மாடித் தொகுதியின் வாசலில் காவலிருக்கும் பெரியவர், எனக்கு முடி வெட்டிவிடும் பெண், கீழ்வீட்டில் எந்நேரமும் வெந்நீர்க் குவளையோடு உலாவும் கிழவர், எல்லோருக்கும் நான் லாவ்ஷிதான். சீனாவின் தெற்கே, சியாங் ஆற்றங்கரையில் இருக்கும் சாங்ஷா நகரம் இது. எங்களைப் போலவே உறைப்பில்லாமல் சோறு இறங்காத சனம். கோடையில் மொட்டை மாடிகளில் மிளகாய் காயும். அந்தக் காரம் மூக்கில் ஏறும்போது ஒரு கணம் நான் தெல்லிப்பழையில் எங்கள் முற்றத்தில் நிற்கிறேன். அதற்குள் யாராவது 'லாவ்ஷி' என்று கூப்பிட்டுவிடுவார்கள்.

வந்த புதிதில் அந்தச் சொல் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. சீன மொழியில் விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்களே தெரிந்திருந்த காலம். 'லாவ்' என்றால் முதுமை என்று எங்கோ படித்திருந்தேன். மிளகாய்க்காரி என்னைக் கிழவி என்கிறாள் என்று முடிவுகட்டி, ஒருநாள் அவளிடம் உடைந்த சீனத்தில் "நான் கிழவி இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்தாள், பிறகு இருவருமாகச் சிரித்துச் சிரித்து, என் பையில் இன்னும் ஒரு பிடி மிளகாய் அள்ளிப் போட்டார்கள். நான் ஆங்கிலம் படிப்பிக்கும் பாடசாலையில் சீன இலக்கியம் படிப்பிக்கும் சென் என்ற பெண்மணியிடம் இதைச் சொன்னபோது, அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "லாவ்ஷி என்றால் ஆசிரியர். பல்கலைக்கழகம் முடித்து நேற்று வந்த பெண்ணும் இங்கே லாவ்ஷிதான். முதுமை இங்கே வசவு இல்லை, மரியாதை" என்றார். பிறகு, "உங்கள் நாட்டில் ஆசிரியரை எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டார். எங்கள் ஊரிலும் இதேபோலத்தான் என்றேன். என் அம்மாவுக்கும் பெயர் இருக்கவில்லை என்றேன்.

அம்மாவின் பெயர் நேசமணி. தெல்லிப்பழையில் அது தபால்காரருக்கும் போதகருக்கும் மட்டும் தெரிந்த பெயர். மற்றவர்களுக்கு அவர் ரீச்சர், அல்லது மற்ற ரீச்சர்மாரிடமிருந்து பிரித்துச் சொல்ல நேசம் ரீச்சர். சின்னப் பிள்ளைகளுக்கு அரிவரி தொடங்கி ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படிப்பித்தார். அப்பா நான் முகம் அறியும் முன்னரே போய்விட்டார். ஆகவே எனக்கும் அண்ணைக்கும் வீட்டில் இருந்த ஒரே பெரிய ஆளும் ரீச்சர்தான். நான் ரீச்சரின் மகள். கடைக்குப் போனாலும், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தின் மர வாங்கில் இருந்தாலும், "உது ரீச்சரின்ரை பிள்ளையெல்லே" என்றுதான் சனம் என்னைக் காட்டும்.

அவருடைய வகுப்பிலேயே நான் மூன்று வருடம் இருந்தேன். பாடசாலைப் படலையைத் தாண்டினால் நானும் ரீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். மறந்துபோய் அம்மா என்றால் திரும்பிப் பார்க்க மாட்டார். விடை தெரிந்து கையைத் தூக்கினால், அவருடைய கண் என்னைக் கடந்து பின்வரிசை வாங்குக்குப் போய்விடும். மற்றப் பிள்ளைகள் பாட்டை ஒப்புவித்தால் "கெட்டிக்காரி" என்பார், முதுகில் தட்டுவார். நான் ஒப்புவித்தால் "இரு" என்பார். ஒருமுறை பக்கத்து வீட்டு அக்கா இதைப் பற்றிக் கேட்டபோது அம்மா சொன்னது என் காதில் விழுந்தது: "தன்ரை பிள்ளையைத் தூக்கி வைக்கிறா எண்டு நாளைக்குச் சனம் கதைக்கும். எனக்கு எல்லாப் பிள்ளையளும் ஒண்டுதான்." ஊர் அந்தச் சொல்லை அவருக்கு ஒரு மாலைபோலச் சூட்டியது. எனக்கு மட்டும் அது எப்போதும் உறுத்திக்கொண்டிருந்தது.

சண்டையில் தெல்லிப்பழையை விட்டு ஓடி, கொக்குவிலில் உறவினர் ஒருவரின் வளவில் ஒற்றை அறையில் இருந்தோம். எங்களைப் போல ஓடிவந்த பிள்ளைகள் சுற்றுவட்டாரத்தில் நிறைய. அம்மா அவர்களைச் சேர்த்து வளவின் மாமரத்துக்குக் கீழே இருத்தி வகுப்பு நடத்தினார். புலமைப்பரிசில் பரீட்சை வந்த நேரம் ஒருநாள் எனக்குக் கடும் காய்ச்சல். அன்றுதான் அம்மாவுக்கு, தன் வகுப்புப் பெண் ஒருத்தியைத் தகப்பன் பரீட்சைக்கு விடமாட்டேன் என்று மறிக்கிறான் என்று செய்தி வந்தது. என் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, அண்ணையைப் பக்கத்தில் இருத்திவிட்டு, குடையும் இல்லாமல் போனார். பொழுதுபட நனைந்து திரும்பி வந்து என் நெற்றியில் கைவைத்தார். கையில் கரும்பலகை வெண்கட்டி மணம். "காய்ச்சல் விட்டிட்டுது" என்றார். அடுத்த வார்த்தை, அண்ணையிடம், "தகப்பன் ஓமெண்டிட்டான்." நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இவ்வளவு இருந்தும் நானும் ரீச்சராகத்தான் வந்தேன். கொழும்பு, பிறகு மாலைதீவில் ஒரு சின்னத் தீவு, அங்கிருந்து இங்கே. கல்யாணம் வாய்க்கவில்லை, அதை ஒரு பெரிய துயரமாகவும் நான் நினைத்ததில்லை. அண்ணையும் அவர் மனைவி வசந்தி மச்சாளும் தெல்லிப்பழையில் திருத்திக் கட்டிய பழைய வீட்டில் அம்மாவோடு இருந்தார்கள். நான் தொலைபேசியில் இருந்தேன். புலம்பெயர்ந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடுதான் இது.

இங்கே செப்டம்பரில் ஆசிரியர் தினம் வரும். பிள்ளைகள் பூக்கொத்தோடு வருவார்கள், மண்டபத்தில் வரிசையாக நின்று பழைய கவிதைகளைச் சேர்ந்து ஒப்புவிப்பார்கள். சென் லாவ்ஷி என் பக்கத்தில் இருந்து காதுக்குள் பொருள் சொல்லுவார். ஆசிரியரைப் பாடுவது சீனர்களுக்குப் பழைய வழக்கம். நல்லாசிரியரின் மாணவர்களைப் பீச் மரங்கள், பிளம் மரங்கள் என்பார்கள், அவர் நட்டவை உலகமெல்லாம் பூத்து நிற்கும். ஓசையில்லாமல் பெய்து மண்ணுக்குள் இறங்கும் மழை அவர். தான் உருகி வெளிச்சம் தரும் மெழுகுதிரியும் அவர்தான். தூர மாகாணத்தில் உத்தியோகம் பார்க்கும் பழைய மாணவன், நரைத்த தலையோடு, ஆற்றங்கரையில் நின்று ஆசானின் குடிசை இருந்த திசையைப் பார்ப்பான். ஆசான் கண்ணயர்ந்திருக்கிறார் என்று எழுப்ப மனமில்லாமல், பனி முழங்கால் வரை ஏறும்வரை வாசலில் நின்ற மாணவர்களின் கதையும் உண்டு. பழைய வீடுகளில் வானம், பூமி, அரசன், பெற்றோர், ஆசான் என்று ஐந்தையும் ஒரு பலகையில் எழுதி வைத்துக் கும்பிடுவார்களாம். நாங்கள் மாதா பிதா குரு தெய்வம் என்போம் என்றேன். "கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்களிடம் அம்மா முதலில் வருகிறாள், அது நல்லது" என்றார் சென். எங்கள் வீட்டில் முதலாவதும் மூன்றாவதும் ஒரே ஆள், மூன்றாவது வந்து முதலாவதின் இடத்தையும் எடுத்துக்கொண்டது என்று நான் சொன்னேன். கொக்குவில் காய்ச்சலையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இத்தனை நூற்றாண்டுப் பாட்டுகளில், ஆசிரியரின் சொந்தப் பிள்ளை பாடியது ஒன்றுகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை" என்றார்.

அடுத்த வாரம் அவரே ஒன்று எழுதிக்கொண்டு வந்தார். பழைய யாப்பு, நாலு வரி, வரிக்கு ஐந்து எழுத்து. "உங்கள் அம்மாவுக்கு. உங்கள் நாட்டிலும் ஆசிரியர் தினம் வருமல்லவா, தொலைபேசியில் சொல்லுங்கள்" என்றார். எங்கள் ஊரில் பீச்சும் பிளமும் இல்லை, பனைதான் இருக்கிறது, நட்டவன் காலத்தில் அது காய்க்காது என்று நான் எப்போதோ சொன்னது அவருக்கு நினைவிருந்தது. பாட்டின் பொருள் இதுதான்:

பனை நட்டவள் பழம் கேட்பதில்லை.
காற்று வரும் திசையெல்லாம் அவளுடைய மரங்கள் பேசுகின்றன.
தூரத்துக் கரையில் ஒரு மரமும் தலையசைக்கிறது.
அவளுக்கு அது கேட்கிறதோ, தெரியவில்லை.

உச்சரிப்பு வர எனக்குப் பல நாட்கள் பிடித்தன. சீனத்தில் ஒரே ஒலி ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் வேறு. இடைவேளைகளில் சென் என்னைத் தன் மேசைக்கு முன்னால் நிறுத்தி ஒப்புவிக்க வைத்தார். பிள்ளைகள் யன்னலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் தொலைபேசி எடுப்பதற்கு முன்னர் அண்ணையிடமிருந்து அழைப்பு வந்தது. அம்மாவுக்கு மறதி தொடங்கியிருந்தது எனக்குத் தெரியும். கேட்டதையே கேட்பார், அடுப்பை அணைக்க மறப்பார் என்ற அளவில்தான் தெரியும். "இப்ப அப்பிடியில்லை ரஞ்சி. ஒருக்கா வந்து பார். பிறகு வந்தென்ன, வராட்டியென்ன" என்றார் அண்ணை. சீனாவின் தேசிய விடுமுறை வாரத்தோடு இன்னும் கொஞ்ச நாட்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். கொழும்பில் இறங்கி ரயிலேறி தெல்லிப்பழை நிலையத்தில் இறங்கியபோது மழைக்கு முந்திய புழுக்கம். ஓட்டோக்காரர் நரைத்த மீசையோடு என் பயணப்பெட்டியை வாங்கிக்கொண்டு, "ரீச்சரின்ரை மகளெல்லே. நான் யோகன், ரீச்சரிட்டைப் படிச்சனான்" என்றார். ஊர் என்னை மறக்கவில்லை என்று அந்த நேரம் நினைத்தேன்.

அம்மா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். மெலிந்து, சேலை தோளில் நிற்காமல், ஆனால் தலைமுடி இழுத்து வாரி, பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்டதுபோல. நான் குனிந்து கையைப் பிடித்தேன்.

"ஆரது?"

"நான்தானம்மா, ரஞ்சி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு சின்னச் சிரிப்பு வந்தது, வகுப்பில் பிழைவிட்ட பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கும் அந்தச் சிரிப்பு. "பரவாயில்லை பிள்ளை. எல்லாப் பிள்ளையளும் சிலவேளை மாறி அம்மா எண்டு கூப்பிடுறதுதான். வெட்கப்படாதை" என்றார்.

வசந்தி மச்சாள் தேத்தண்ணி போடுவதாகச் சொல்லிக் குசினிக்குள் போய்விட்டார். அண்ணை விடவில்லை. "அம்மா, உவ ரஞ்சி. உங்கடை மகள். சீனாவிலையிருந்து வந்திருக்கிறா" என்று குனிந்து உரத்துச் சொன்னார். அம்மா அவரை அலட்சியமாகப் பார்த்தார். "என்ரை மகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டாள். இன்னும் வரேல்லை" என்று சொல்லிவிட்டு, படலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்னேரம் அண்ணை எனக்கு விளங்கப்படுத்தினார். பழைய மாணவர்கள் யார் வந்தாலும் அம்மாவுக்குத் தெரிகிறது. பெயர் சொல்கிறார், எந்த வாங்கில் இருந்தவர்கள் என்று சொல்கிறார், எந்த எழுத்தைத் தலைகீழாக எழுதினார்கள் என்றும் சொல்கிறார். வீட்டு ஆட்களைத்தான் தெரியவில்லை. "என்னைப் பள்ளிக்கூடத்திலை மணி அடிக்கிற ஆள் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா" என்றார்.

"நீங்கள் என்ன செய்யிறியள்?"

"என்ன செய்யிறது. மத்தியானத்திலை ஒரு கோப்பையைத் தட்டி மணி அடிக்கிறன். மணி கேட்டாத்தான் சாப்பிடுவா."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடிந்தபோது அண்ணையின் முகம் எவ்வளவு மூத்துவிட்டது என்று கண்டேன். அம்மாவைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் மச்சாள், தூக்கி இருத்துவதும் பிடித்து நடத்துவதும் அண்ணை. இத்தனை காலமும் நான் தொலைபேசியில் "அம்மா எப்பிடி?" என்று கேட்க, "இருக்கிறா" என்று அவர் சொன்ன ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவும் இருந்திருக்கிறது.

முதல் இரண்டு மூன்று நாளும் நான் அம்மா, அம்மா என்றே போராடினேன். படங்களைக் காட்டினேன். சின்ன வயதில் என் முழங்காலில் விழுந்த தழும்பைக் காட்டினேன். ஒவ்வொரு முறையும் அவர் பொறுமையாகத் திருத்தினார். "ரீச்சர் எண்டு சொல்லு பிள்ளை." கடைசியில் ஒருநாள், மச்சாள் அவரைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து இருத்திய நேரம், அவர் என்னைப் பார்த்து, "பாடமாக்கிக்கொண்டு வந்தனீயே?" என்று கேட்டார்.

எழும்பி, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் காத்திருந்தார். தேவாரமும் தெரியாது எங்களுக்கு, வேதாகம வசனம் ஒன்றும் அந்த நேரம் வாயில் வரவில்லை. அண்மையில் நான் பாடமாக்கியது ஒன்றே ஒன்றுதான். "ஜோங் ஸோங் பூ வென் குவோ" என்று தொடங்கி நாலு வரியையும் சொன்னேன்.

"வாய்க்குள்ளை முணுமுணுக்காதை. திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். அவர் தலையைச் சரித்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"இது என்ன பாசை?"

"சீன பாசை, ரீச்சர்." அந்தச் சொல் தானாக வந்தது. இத்தனை வருடங்களுக்குப் பிறகு.

"பூ எண்டது விளங்குது. மற்றதுகள் விளங்கேல்லை."

சீனத்தில் 'பூ' என்றால் இல்லை என்று பொருள். பழம் கேட்பதில்லை என்ற வரியின் 'இல்லை' அது. நான் அதைச் சொல்லவில்லை. ஓம் ரீச்சர், பூவைப் பற்றித்தான், மரங்களைப் பற்றியும் என்றேன். "நல்லது. நாளைக்கும் வா" என்றார்.

அன்றிலிருந்து நான் அவரை அம்மா என்று கூப்பிடவில்லை. அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. "நீயும் ரீச்சர் எண்டு கூப்பிட்டா அவ இன்னும் மறந்துபோவா. நீ மகள். விட்டுக்குடுக்காதை" என்றார். கிணற்றடியில் நின்று இருவரும் வாக்குவாதப்பட்டோம். "நான் அம்மா எண்டா அவ என்னைத் திருத்துறா அண்ணை. ரீச்சர் எண்டா என்னோடை கதைக்கிறா" என்றேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்.

உண்மையாகவே அவர் என்னோடு கதைத்தார். ஒவ்வொரு காலையும் நான் விறாந்தையில் நின்று பாட்டை ஒப்புவித்தேன், அவர் திருத்தினார். அவருக்குத் தெரியாத மொழியில், அவருக்குச் சரியென்று பட்ட இடத்தில் ஏற்றினார், இறக்கினார். சென் லாவ்ஷி கேட்டால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார். நான் அம்மா சொன்னபடியே சொன்னேன். ஒருநாள் ஒப்புவித்து முடிய அவர் என்னைக் கிட்டக் கூப்பிட்டு இருத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"என்ரை மகளும் உன்னை மாதிரித்தான். நல்லாப் பாடமாக்குவாள். வகுப்பிலை அவள்தான் கெட்டிக்காரி. நான் அவளுக்குச் சொல்லுறேல்லை."

"ஏன் ரீச்சர் சொல்லுறேல்லை?"

"மற்றப் பிள்ளையளுக்கு முகம் வாடிப்போகுமெல்லே. வீட்டை போய்ச் சொல்லுவம் எண்டு நினைக்கிறனான். வீட்டை போனா வேலை. பிறகு அவள் நித்திரையாப் போடுவாள்."

நான் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒருநாள் அவளுக்குச் சரியான காய்ச்சல். விட்டிட்டுப் போனனான். போகாட்டி அந்தப் பெட்டையின்ரை படிப்பு நிண்டிருக்கும். ஆனா வழியெல்லாம் அவளின்ரை நெத்திதான் என்ரை கைக்குள்ளை" என்றார். பிறகு எனக்கு முன்னால் உள்ளங்கையை விரித்துக் காட்டினார், அதில் இன்னும் சூடு இருக்கிறதென்பதுபோல.

நான் எழும்பிப் பின்வளவுக்குப் போய், வாழைகளுக்கு நடுவில் நின்று அழுதேன். மச்சாள் கண்டுவிட்டு வந்து தோளில் கைவைத்தார்.

ஒக்டோபரில் வரும் எங்கள் நாட்டு ஆசிரியர் தினத்தன்று யோகனின் ஓட்டோவிலும் சைக்கிள்களிலும் பழைய மாணவர்கள் வந்தார்கள். பேரப்பிள்ளை கண்ட பெண்களும் இருந்தார்கள். விறாந்தை கொள்ளவில்லை, முற்றத்தில் நின்றார்கள். ஒரு மாலை, ஒரு கேக், மல்லிகைச் சரம். அம்மா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "யோகன், இப்பவாவது 'ற' எழுத வருதோ?" என்று கேட்க, நரைத்த மீசைக்காரர் "வருது ரீச்சர்" என்று குழந்தைபோல நெளிந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு நான் யார் என்று தெரியும். அம்மாவுக்குத் தெரியாது என்பதும் தெரியும். அதனால் என்னை நேரே பார்க்கக் கூச்சப்பட்டார்கள்.

திடீரென்று அம்மா கையை உயர்த்தினார். எல்லோரும் அடங்கிவிட்டார்கள், அந்த வயதிலும். "இந்தப் பிள்ளை ஒரு பாட்டுச் சொல்லும். எல்லாரும் கவனமாக் கேளுங்கோ" என்றார் என்னைக் காட்டி.

நான் எழும்பி நின்றேன். சீனப் புலவர்கள் எத்தனையோ பேர் தங்கள் ஆசான்களைப் பாடியிருக்கிறார்கள். அவர்களில் யாராவது இப்படி ஒரு புழுங்கும் பின்னேரத்தில், ஒரு சொல்லும் விளங்காத சனத்துக்கு முன்னால், ஆசானே தாயாகவும் தாயே அந்நியமாகவும் இருக்க நின்று பாடியிருப்பார்களா தெரியாது. முதலாவது வரியை அம்மாவும் என்னோடு சேர்ந்து உதட்டை அசைத்தார். பிழையில்லாமல் நாலு வரியும் முடிந்தது. யோகன் துவாயால் முகத்தைத் துடைத்தார்.

அம்மா என்னைக் கிட்டக் கூப்பிட்டார். முதுகில் தட்டினார். "கெட்டிக்காரி" என்றார், எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இவளுக்குக் கைதட்டுங்கோ" என்றார். தட்டினார்கள்.

சிறுவயதில் எத்தனை இரவு அந்த ஒரு சொல்லுக்காகக் காத்துப் படுத்திருப்பேன். அது கிடைத்தது. யாரோ ஒருத்தியாக நின்றபோதுதான் கிடைத்தது. வாங்கிக்கொண்டு, யாரிடம் காட்டுவதென்று தெரியாமல் நின்றேன்.

நான் திரும்ப வேண்டிய நாள் வந்தது. வேலையை விட்டுவிட்டு நின்றுவிடட்டுமா என்று அண்ணையிடம் கேட்டேன். "நிண்டு என்ன செய்யப்போறாய்? இஞ்சை நாங்கள் ரெண்டு பேர் இருக்கிறம். அங்கை உன்னைப் பாத்துக்கொண்டு பிள்ளையள் இருக்குதுகள்" என்றார். அம்மா சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை அது. பின்னேர ரயிலுக்காக யோகன் படலையடியில் ஓட்டோவை நிறுத்தி வைத்திருந்தார். நான் அம்மாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, போட்டு வாறன் ரீச்சர் என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார். மேகம் கறுத்திருந்தது.

"ஓம், ஓம். நேரம் போட்டுது. மழையும் வரப்போகுது. கெதியா வீட்டை போ பிள்ளை. உன்ரை அம்மா தேடுவா."

ரயிலில் அனுராதபுரம் வரைக்கும் நான் யன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தேன். எதிரில் இருந்த சிங்களப் பெண்மணி ஒரு வாழைப்பழத்தை நீட்டினார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன், சாப்பிட முடியவில்லை.

மாரி மழை நடுவில் அம்மா நித்திரையிலேயே போனார். இரண்டு நாளுக்குள் அடக்கம் என்றார்கள், எனக்கு வந்து சேர வழி இருக்கவில்லை. பாடசாலையின் வெறும் அறை ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் பார்த்தேன். பெட்டியைத் தூக்கியவர்கள் எல்லோரும் மாணவர்கள். மழையில் குடைகளும் பாட்டும் கலந்து கேட்டன, படம் அடிக்கடி உறைந்து நின்றது. சென் லாவ்ஷி என் பக்கத்தில் இருந்தார். விளங்காவிட்டாலும் கடைசிவரை எழும்பவில்லை. எல்லாம் முடிந்தபின் அவருக்கு ஒக்டோபரில் நடந்ததை முழுவதும் சொன்னேன். அதுவரை சொல்ல முடிந்திருக்கவில்லை.

"அப்படியானால் அவருக்குக் கேட்டிருக்கிறது. என் கடைசி வரி பிழை. மாற்றிவிடுகிறேன்" என்றார்.

"மாற்ற வேண்டாம். கேட்டதுதான். யாருடைய குரலைக் கேட்டார் என்று தெரியவில்லையே" என்றேன்.

அவர் தலையசைத்தார். தன் ஆசிரியர் ஒரு மலைக்கிராமத்துக்காரர் என்றும், வசந்தத்தில் அவருடைய சமாதிக்குப் போய்ப் புல்லுப் பிடுங்கி, சாராயம் ஊற்றி, தான் எழுதியதை வாசித்துவிட்டு வருவதாகவும் சொன்னார். இவ்வளவு கிட்டவா இருக்கிறது என்று கேட்டேன். பஸ்ஸில் ஒரு காலைப்பொழுது, என்றார். அன்று எனக்கு அவரில் வந்தது பொறாமைதான்.

போன கிழமை, மூன்றாம் பாடத்துக்கு நான் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது அண்ணை வீடியோ அழைப்பில் வந்தார். அங்கே விடிந்து கொஞ்ச நேரம். மழை விட்டுவிட்டது, கல்லறையைக் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அம்மாவைப் புதைத்த சேமக்காலையில் நின்று தொலைபேசியைத் திருப்பிக் காட்டினார். செம்மண் இன்னும் ஈரமாக இருந்தது. மேசன் கயிறு பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரஞ்சி, மேசன் கேக்கிறார். அம்மாவுக்கு மட்டும் சுத்திக் கட்டுறதோ, இல்லாட்டிப் பக்கத்து நிலத்தையும் சேர்த்து அகலமா எடுக்கிறதோ எண்டு. நானும் மச்சாளும் மற்றப் பக்கம், மச்சாளின்ரை ஆக்களின்ரை இடத்திலை. இது உனக்கெண்டுதான் யோசிச்சன்." பிறகு, "நீ எங்கை இருப்பாய் எண்டு எனக்குத் தெரியாது. அதுதான் கேக்கிறன்" என்றார்.

மணி அடித்துவிட்டது. வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. என் காலடியைக் கேட்டுப் பிள்ளைகள் எல்லோரும் எழும்பி நின்றுவிட்டார்கள். நான் உள்ளே வந்து சொல்லும்வரை இங்கே பிள்ளைகள் உட்கார மாட்டார்கள். கையிலிருந்த படத்தில் அம்மாவின் பக்கத்தில், ஒரு ஆள் படுக்கக்கூடிய அகலத்தில், புல்லும் முளைக்காத சிவப்பு நிலம் கிடந்தது.

"பக்கத்து நிலத்திலை கட்ட வேண்டாம் அண்ணை. அப்பிடியே வெறுமனே விடச் சொல்லுங்கோ" என்றேன். அவர் என்னவோ கேட்டார், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. உள்ளே பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள்.